வயிற்றில் நீர் கோத்தவருக்கு எவ்வளவு உப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவுக்கு ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர ஆரம்பித்த பிறகு நாலு வருடம் அவருக்குச் சமைத்தவள் நான். மருத்துவர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டது, டயட்டீஷியன் தாளில் எழுதிக் கொடுத்தது, தப்புப் பண்ணித் தெரிந்துகொண்டது என்று அந்த நாலு வருடத்தில் ஒரு நோட்டு நிறைந்தது. இப்போது சொந்தத்தில் யாருக்கு இந்த நோய் வந்தாலும் எனக்குத்தான் ஃபோன். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். சாப்பாட்டு விஷயத்துக்கு இதைப் பாருங்கள். மாத்திரை அளவை மட்டும் இதைப் படித்துவிட்டுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கெட்டது ஈரல். வயிற்றில் தண்ணீர் எப்படி வருகிறது, அதில் உப்புக்கு என்ன வேலை?

ஈரல் சுருக்கம் என்றால் ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போவது. குடலில் இருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய் ஒன்று உண்டு, போர்ட்டல் சிரை என்பார்கள். ஈரல் இறுகியதும் அந்த ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் முட்டி நிற்கிறது, குழாயில் அழுத்தம் ஏறுகிறது, குடலைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கேயே தேங்குகிறது. இதுவரை ஈரல் கதை. இனிமேல்தான் சிறுநீரகம் வருகிறது, அதற்கு ஈரலில் நடப்பது எதுவும் தெரியாது. தன் பக்கம் வரும் ரத்தத்தின் வேகம் குறைகிறது என்பது மட்டும்தான் தெரியும். எங்கோ காயம் பட்டு ரத்தம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, ரெனின், ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களைக் கிளப்பி, சிறுநீரில் வெளியே போக வேண்டிய சோடியத்தை (உப்பில் இருக்கும் முக்கியப் பொருள் இதுதான்) இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோடியம் தங்கும் இடத்தில் தண்ணீரும் தங்கும். தங்கிய தண்ணீர், அழுத்தம் ஏறிய குழாய்களில் இருந்தும் ஈரலின் மேல்பரப்பில் இருந்தும் கசிந்து வயிற்றுக்குள் சேர்கிறது. ஈரல் தயாரிக்கும் ஆல்புமின் என்ற புரதம் குறைந்துபோனதும் கசிவு இன்னும் சுலபமாகிறது. நம் ஊரில் மகோதரம், பெருவயிறு என்று பழைய காலத்தில் இருந்தே சொல்லி வருவது இதைத்தான்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் சேரும் ஒரு லிட்டர் நீரில் சுமார் 130 மில்லிமோல் (லேபில் சோடியத்தை அளக்கும் அலகு) சோடியம் இருக்கிறது. சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட ஏழரை கிராம், ஒன்றரை டீஸ்பூன். அதாவது ஒரு லிட்டர் நீர் சேர வேண்டுமானால் ஏழரை கிராம் உப்பு உள்ளே வந்து, வெளியே போகாமல் நின்றிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் உப்பு ஜாடியைப் பார்க்கும் பார்வையே இந்தக் கணக்குக்குப் பிறகுதான் மாறியது.

வயிற்றில் இருப்பது தண்ணீர். அப்போ தண்ணீரைக் குறைத்தால் போதாதா?

போதாது. எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், நாங்களும் செய்தோம். சித்திரை வெயிலில் அப்பாவுக்கு டம்ளர் கணக்கில் தண்ணீர் அளந்து கொடுத்தோம். நாக்கு வறண்டு ராத்திரி எழுந்து பாத்ரூம் குழாயில் குடித்திருக்கிறார், பிறகுதான் தெரிந்தது. அதே நாட்களில் மதியம் தட்டில் இரண்டு அப்பளமும் எலுமிச்சை ஊறுகாயும் தவறாமல் இருந்தன. எடை ஏறிக்கொண்டே போனது. ஏறாமல் என்ன செய்யும்?

உப்பு உள்ளே நிற்காவிட்டால், குடிக்கும் தண்ணீர் தானாகச் சிறுநீரில் போய்விடும். ரத்தத்தில் சோடியம் அளவு 125-க்குக் கீழே இறங்கியவர்களுக்குத்தான் பொதுவாகத் தண்ணீரையும் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். அது டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டியது.

ரத்தப் பரிசோதனையில் சோடியம் 128 என்று வந்திருக்கிறது. உடம்பில் உப்புக் குறைவு என்றுதானே அர்த்தம், கூட்டிக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கூட்டவே கூடாது. குழம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் சப்பென்று இருக்கும் இல்லையா, போட்ட உப்பு எங்கும் போய்விடவில்லை, தண்ணீர்தான் மிஞ்சிவிட்டது. அதே கதை. இவர்கள் உடம்பில் மொத்த சோடியம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, தண்ணீர் அதைவிட அதிகமாக இருப்பதால் ரத்தத்தில் அளக்கும்போது குறைவாகக் காட்டுகிறது. சில சமயம் நீர் பிரியும் மாத்திரை வேகமாக வேலை செய்தும் சோடியம் இறங்கும், அப்போது மாத்திரையைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் உப்புக் கரைத்துக் குடிக்கச் சொன்னார் என்று ஒரு அத்தை எனக்கு ஃபோன் பண்ணினார், நல்லவேளை குடிப்பதற்கு முன்னால்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு?

சாப்பாட்டில் தானாக இருப்பது, நாம் போடுவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கம் சொல்லும் அளவு இது. ஐரோப்பியச் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் கொஞ்சம் தாராளம், 4.6 முதல் 6.9 கிராம் உப்பு வரை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நோயே இல்லாதவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவும் 5 கிராம்தான். அதனால் நோயாளிக்கு ஏதோ சிறைச் சாப்பாடு போடுவதாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் எடுத்த ஆய்வுகளில் ஒரு ஆள் சராசரியாக 8 முதல் 11 கிராம் வரை சாப்பிடுவதாக வந்திருக்கிறது. பத்தியம் மாதிரி நமக்குத் தெரிவது நாம் அவ்வளவு அதிகமாகச் சாப்பிட்டுப் பழகியதால்தான்.

இந்த 5 கிராமில் பால், முட்டை, மீன், காய்கறியில் தானாகவே இருப்பது ஒரு கிராம் ஒன்றேகால் கிராம் போய்விடும். பாக்கி மூன்றரை கிராம் சொச்சம்தான் உங்கள் கையில். முக்கால் டீஸ்பூனுக்கும் குறைவு.

வீட்டில் கை அளவில்தான் உப்புப் போடுகிறோம். எப்படி அளப்பது?

முதலில் இப்போது எவ்வளவு போடுகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் அது 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராமுக்கு மேல். ஊறுகாய், அப்பளம், கடைத் தின்பண்டம் இதில் சேரவில்லை.

அப்புறம், நோயாளியின் அன்றைய பங்கைக் காலையிலேயே பிரித்து வைத்துவிட வேண்டும். எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன மாத்திரை டப்பா. காலையில் மூன்றரை கிராம் நிறுத்து அதில் போடுவேன் (சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இந்த நோய் இருக்கும் வீட்டில் அது வீண் செலவு இல்லை). நாள் முழுக்க அவருக்கு என்று போடும் உப்பு அதில் இருந்து மட்டும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். குழம்பை வீட்டில் எல்லோருக்கும் உப்புக் குறைவாகவே வைத்து, மற்றவர்கள் தட்டில் போட்டுக்கொள்வது என்று ஆனபோது தம்பி பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், பிறகு பழகிவிட்டான்.

தூள் உப்பும் கல் உப்பும் ஸ்பூனில் ஒரே எடை வராது, கல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் குறைவாக வரும். எடைதான் கணக்கு.

ஒரேயடியாக உப்பே இல்லாமல் பத்தியம் இருந்தால் சீக்கிரம் வடியுமே?

இங்கேதான் நம் பழக்கம் நமக்கு எதிரியாகிறது. பத்தியம் என்றால் கடுமையாக இருந்தால்தான் பலிக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உப்பில்லாத சோற்றை ஒரு மனிதர் எத்தனை நாள் சாப்பிடுவார்? இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார். ஈரல் சுருக்கம் வந்தவருக்கு ஏற்கனவே தசை கரைந்துகொண்டிருக்கிறது, வயிறு பானை மாதிரியும் கைகால் குச்சி மாதிரியும் ஆவது அதனால்தான். சாப்பாடு குறைந்தால் அந்தக் கரைதல் வேகமெடுக்கும், தொற்று சுலபமாக வரும், பிழைப்பதே கடினமாகும்.

இத்தாலியில் 120 நோயாளிகளை வைத்துச் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை எங்கள் டாக்டர் சொன்னார். உப்புக் கட்டுப்பாட்டை உண்மையிலேயே கடைப்பிடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கடைப்பிடிக்காதவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தாங்கள் சரியாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைவிட என்னைச் சுட்டது, ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் சாப்பிட்ட மொத்தக் கலோரியும் சுமார் 20 சதவீதம் குறைந்துபோயிருந்தது. உப்பைக் குறைக்கப் போய்ச் சாப்பாட்டையே குறைத்துவிட்டார்கள்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வயிறாரச் சாப்பிட வேண்டும், அதற்குள் உப்பு 5 கிராம். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம் (எடை என்றால் நீரைக் கழித்த எடை). முட்டை, பருப்பு, மீன், கோழி, தயிர், சுண்டல், எது ஒத்துக்கொள்கிறதோ அது. ஈரல் நோய்க்குப் புரதம் ஆகாது என்பது பழைய கதை, இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும், ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும் மாதிரி. சுருங்கிய ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு என்பதால் ராத்திரி நீண்ட பட்டினியில் உடம்பு தசையைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

இந்துப்பு சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்களே?

ஆகும். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், 95 சதவீதத்துக்கு மேல். நிறம் ரோஸ், விலை கூடுதல், வேறு வித்தியாசம் இவர்களுக்குக் கிடையாது. கடல் உப்பு, கல் உப்பு, கறுப்பு உப்பு எல்லாம் அதே வகைதான்.

இதைவிட ஆபத்தானது, சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பு வகைகள். அவற்றில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்திருப்பார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ரத்த அழுத்தக்காரர் ஒருவர் நல்லது என்று வாங்கிக் கொடுப்பார், வாங்கி வைத்துவிட்டு அவருக்கே திருப்பிக் கொடுங்கள். இளநீர், பழச்சாறு தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவற்றிலும் பொட்டாசியம் கணிசம்.

எதை நிறுத்த வேண்டும்?

கெடாமல் இருப்பதற்காக உப்பில் ஊறியது எல்லாமே. ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், வற்றல், வடகம், உப்பு நார்த்தங்காய். ஊறுகாயில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்புதான், ஒரு ஸ்பூன் வைத்தால் அன்றைய டப்பாவில் கால்வாசிக்கும் மேல் காலி. அப்பளத்தில் உப்பு மட்டும் இல்லை, அப்பளக் காரமும் சோடியம்தான்.

புளியை யாரும் சந்தேகப்படுவதில்லை. கெடாமல் இருக்க வீட்டில் கல் உப்புப் போட்டு அடைத்து வைத்த புளியாக இருந்தால் அதிலும் உப்பு இருக்கிறது. நான் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் இதைக் கவனித்தேன். அந்தப் புளியைக் கரைத்த குழம்புக்குத் தனியாக உப்பே தேவைப்படவில்லை.

கடைச் சாமான்களில் நூடுல்ஸ் மோசம், மசாலாப் பாக்கெட்டோடு சேர்த்துப் பலவற்றில் 800 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல். சிப்ஸ், மிக்சர், சாஸ், சூப் பொடி, ரெடிமேட் பரோட்டா இவையும் அப்படித்தான். ரொட்டியும் பிஸ்கட்டும் உப்புக் கரிக்காது என்பதால் ஏமாற்றும், இரண்டு துண்டு ரொட்டியில் 250 மில்லிகிராம் சோடியம் இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு, உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவு.

ஹோட்டல் சாப்பாடு? தவிர்க்க முடியாத நாளில் இட்லியோ தயிர்சாதமோ வாங்கிச் சாம்பாரையும் சட்னியையும் தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்துங்கள். சால்னாவில் பரோட்டாவைக் குளிப்பாட்டுகிற நாள் போய்விட்டது என்று அப்பாவே ஒருமுறை சொன்னார்.

உப்புக் குறைத்தால் வாயில் வைக்க முடியவில்லை என்கிறார். என்ன செய்வது?

உப்பை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சோறு வடிக்கும்போது, சப்பாத்தி மாவில், இட்லி மாவில் போடும் உப்பு நாக்குக்குத் தெரியாமலே உள்ளே போகிறது. அதை முழுக்க நிறுத்திவிட்டு, அந்தப் பங்கை நாக்கில் படுகிற இடத்தில் போடுங்கள். மாவு ஆட்டியதும் உப்புப் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவிட்டால் போதும், உப்பில்லாமலும் மாவு நன்றாகவே புளிக்கும். சட்னியில் கொஞ்சம் உப்பு இருந்தால் இட்லியில் இல்லாதது தெரியாது. பொரியலுக்கு வேகும்போது போடாமல் இறக்கிய பிறகு மேலே தூவினால் பாதி உப்பில் அதே ருசி.

புளிப்பு உப்பின் இடத்தைப் பாதி நிரப்பும். எலுமிச்சை பிழிந்த பாசிப்பருப்பு, மாங்காய் போட்ட மீன் குழம்பு, தக்காளியும் மிளகும் தூக்கலான ரசம், சீரகம் தட்டிப்போட்ட மோர், வறுத்து அரைத்த கொள்ளுத் துவையல். பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் தாராளமாகப் போடலாம். புதினா கொத்தமல்லிச் சட்னியில் எலுமிச்சையைத் தூக்கலாக விட்டு, உப்பு இருக்கிறதா இல்லையா என்று அப்பாவிடம் கேட்டு விளையாடியிருக்கிறேன், பத்தில் ஆறு தடவை தப்பாகச் சொல்வார். பழைய சோற்றுக்குத் தண்ணீரில் உப்புப் போட வேண்டாம், கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தை உப்பில் ஒரு ஒற்று ஒற்றிக் கொடுங்கள். முதல் மூன்று வாரம் சண்டைதான். ஒன்றிரண்டு மாதத்தில் நாக்கு இறங்கி வந்துவிடும்.

சாப்பாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறோம், இருந்தாலும் நீர் ஏறுகிறது. எங்கே தப்பு?

சாப்பாடு அல்லாத வழிகளைப் பாருங்கள். வயிறு உப்புசத்துக்குக் குடிக்கும் நுரைக்கிற பவுடர், ஆப்ப சோடா இரண்டிலும் இருப்பது சோடியம் பைகார்பனேட், ஒரு கிராமில் சுமார் 270 மில்லிகிராம் சோடியம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம், ஆனால் விழுங்குகிற சாதாரண மாத்திரையில் அந்தத் தொல்லை இல்லை. செரிமானத்துக்குச் சாப்பிடும் அஷ்ட சூரணப் பொடியில் இந்துப்பு ஒரு சரக்கு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் 75 மில்லிமோல் சோடியம், ஏறத்தாழ ஒரு நாள் பங்கு. வயிற்றுப்போக்கு நிஜமாகவே வந்தால் அது வேறு, அப்போது டாக்டரைக் கேளுங்கள். சோர்வாக இருக்கிறது என்று கலக்கிக் குடிப்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது டிரிப்ஸ். ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பாகிவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அரை லிட்டர் சலைன் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு இருக்கிறது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று பக்கத்தில் ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள், ஈரல் நோய் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் செருப்புப் போட முடியாத அளவுக்குக் கால் வீங்கிவிட்டது. எந்த டாக்டரிடம் போனாலும் வாய் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் ஈரல் சுருக்கம் இருக்கிறது என்பதுதான்.

இன்னொன்று, மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரைகள். இவற்றில் சிக்கல் உப்பு இல்லை, சிறுநீரகத்தையே முடக்கி நீரை ஏற்றிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறாரே, அப்புறமும் உப்பைக் குறைக்க வேண்டுமா?

ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதை ஆகிவிடும். ஸ்பைரோனோலாக்டோனும் ஃபுரோசமைடும் சோடியத்தைச் சிறுநீரில் தள்ளத்தான் செய்யும், தள்ளுவதைவிட உள்ளே வருவது அதிகமானால் நீர் ஏறும், அதைப் பார்த்து மாத்திரையை ஏற்றுவார்கள், ஏற்றினால் சிறுநீரகம் திணறும், பொட்டாசியம் தாறுமாறாகும், புத்தி குழம்பும். அதே சமயம் உப்பைக் குறைத்தால் மட்டும் போதும் என்று மாத்திரையை நிறுத்தவும் முடியாது, உப்புக் குறைப்பு மட்டுமே போதுமானதாக இருப்பது பத்தில் ஒருவருக்குத்தான்.

சிறுநீரில் சோடியம் எவ்வளவு போகிறது என்று டாக்டர் பரிசோதித்துப் பார்க்கலாம். நாளைக்கு 78 மில்லிமோலுக்கு மேல் வெளியே போயும் எடை இறங்கவில்லை என்றால் மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, சாப்பாட்டில்தான் ஓட்டை என்று அர்த்தம். அப்பாவுக்கு அந்தப் பரிசோதனையில்தான் குட்டு உடைந்தது, டீக்கடையில் தினமும் ஒரு வடையும் ஒரு மசாலா போண்டாவும்.

ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டார்கள். இப்போ கொஞ்சம் தாராளமாக இருக்கலாமா?

நேர்மாறு. ஐந்து லிட்டர் எடுத்தால் கூடவே 38 கிராம் உப்பும் வெளியே போகிறது, நல்ல விஷயம். ஆனால் நீர் சேரக் காரணமான ஈரலும் சிறுநீரகமும் அப்படியேதான் இருக்கின்றன. பழையபடி சாப்பிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி அதே வயிறு. ஐந்து லிட்டருக்கு மேல் எடுக்கும்போது ஒரு லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை ஆல்புமின் ஏற்றுவார்கள், விலை அதிகம். அடுத்த தடவையை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு பணமும் உடம்பும் மிச்சம்.

நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

தினமும் காலையில் மலசலம் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே மாதிரி துணியில் எடை. நோட்டில் எழுதுங்கள். கால் வீக்கம் இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு அரை கிலோவுக்கு மேலும், வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோவுக்கு மேலும் இறங்கக் கூடாது, அதைவிட வேகமாக இறங்கினால் மாத்திரை அதிகம் என்று பொருள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் எடையைத் தனியாக வட்டம் போட்டு வைப்பேன். அந்த வட்டத்தைக் காட்டினால் அப்பா ஒன்றும் பேச மாட்டார், என் வார்த்தைக்கு இல்லாத மதிப்பு அதற்கு இருந்தது.

வயிற்றில் நீர் என்றாலே உப்பைக் குறைக்க வேண்டுமா?

இல்லை. காசநோயாலும் புற்றுநோயாலும்கூட வயிற்றில் நீர் சேரும், அவற்றுக்கு உப்புக் குறைப்பு பெரிதாக உதவாது, வைத்தியமே வேறு. முதல் தடவை நீர் சேர்ந்ததும் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அதற்காகத்தான். அந்த ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

குடியை விடாமல் உப்பை மட்டும் குறைத்தால்?

பிரயோஜனம் இல்லை. குடியால் வந்த ஈரல் நோய் என்றால், குடியை விட்ட சிலருக்குச் சில மாதங்களில் ஈரல் தேறி நீர் சேர்வதே நின்றுவிடுவதும் உண்டு. உப்பால் அது முடியாது.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

மஞ்சள் காமாலைக்குச் சொல்லும் பச்சிலையை, தழும்பேறிய ஈரலுக்கும் வயிற்று நீருக்கும் கொடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கோபம் வரும் விஷயம். என்ன சரக்கு என்று தெரியாத லேகியம், பொடி எதுவும் வேண்டாம், ஈரலைக் கெடுக்கும் மூலிகைகளும் இருக்கின்றன.

எப்போது உடனே ஓட வேண்டும்?

காய்ச்சல் அல்லது வயிற்றுவலி (நீரில் தொற்று ஏறியிருக்கலாம், சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது). ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம். சிறுநீர் சட்டென்று குறைவது. பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழிப்பது, பேச்சுக் குழறுவது, சட்டை பட்டனை மாற்றிப் போடுவது.

நீர் சேர ஆரம்பித்துவிட்டாலே நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஈரல் மாற்று அறுவைக்குப் பொருத்தமானவரா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு வழி உண்டு. நாங்கள் கேட்டபோது காலம் கடந்திருந்தது.

இனி வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போதும் உப்பைப் பிடித்து வைக்கணுமா?

டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். எங்களிடம், நீர் ஏறினால் எடுத்துக்கொள்ளலாம், அவர் ஆசைப்படுவதைக் கொடுங்கள், இரண்டு வாய் சாப்பிட்டால் அதுவே பெரிசு என்றார்கள். நாலு வருடம் அளந்த கைக்கு அது சட்டென்று வரவில்லை, ஒரு வாரம் டப்பாவில் நிறுத்துக்கொண்டேதான் இருந்தேன்.

பிறகு ஒருநாள் என்ன வேண்டும் என்று கேட்டேன். தயிர்சாதமும் உப்பு நார்த்தங்காயும் என்றார். அத்தை வீட்டில் இருந்து வாங்கி வந்து, ஒரு துண்டைக் கிள்ளி அவர் நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்து, துண்டைத் துப்பிவிட்டு, "ஏம்மா, இப்படிக் கரிக்குது, இதையா அவ்வளவு நாளும் சாப்பிட்டேன்" என்றார். அப்புறம் எலுமிச்சை பிழிந்த பருப்புத்தான் கேட்டார்.